சிவப்புக் கட்டத்தில் ஒரு பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதக் கடைசி வாரம், கருமத்தம்பட்டியை அடுத்த ஒரு சின்ன ஊரின் ஆரம்பப் பள்ளியில் நடந்தது இது. நான் அந்தப் பள்ளியின் ஆசிரியை இல்லை. கோவையில் பம்புசெட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஒரு அரைநாள் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம் என்று நிறுவனத்தில் அனுமதித்திருந்தார்கள். வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டதும் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போவேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வாசிக்கப் பழக்குவேன். பிள்ளைகள் என்னை ‘வாசிப்பு மிஸ்’ என்பார்கள்.

அந்த ஏப்ரலில் நான் மிகவும் களைத்துப்போயிருந்தேன். கோடை வந்தால் பம்புக்கு ஆர்டர் குவியும். காலையிலிருந்து சோதனை மேடையில் ஒவ்வொரு பம்பாக ஏற்றி, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்து, பாஸ், மறுவேலை, கழிவு என்று பிரித்து எழுத வேண்டும். அதை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால், அங்கே பள்ளிக்கூடக் கூடத்தில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளின் இரைச்சல். ஆசிரியைகள் இரண்டே பேர். ஊரில் பாதி வீடுகள் விசைத்தறி வீடுகள். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரிடமும் தெரு முனைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசும். எனக்குத் தலைவலி வந்துவிடும். அந்த வருடம் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம், ‘சத்தம் போடாம படிங்க’ என்பதாகத்தான் இருக்கும்.

வருடக் கடைசியில் பெற்றோருக்கு ஒரு செய்தி மடல் அனுப்பலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். தலைமை ஆசிரியைக்கும் பிடித்திருந்தது. குடிநீர்க் குழாய் சரிசெய்யப்பட்டது, ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு வாழ்த்து, ஆண்டு விழா வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பள்ளி திறக்கும் விவரம் பிறகு வரும், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கிறது. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் அடக்கினேன். கடைசியில் வாசிப்புப் பயிற்சி முடிவுகள் என்று ஒரு அட்டவணை போட்டேன். தடங்கலில்லாமல் வாசிப்பவர்கள் பச்சைக் கட்டம். எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் மஞ்சள். இன்னும் வாசிக்க வராதவர்கள் சிவப்பு. எங்கள் சோதனை மேடையில் நாங்கள் ஒட்டும் வண்ணச் சீட்டுதான் அது. எனக்கு அது மிகவும் தெளிவாகவும் அழகாகவும் தெரிந்தது.

தலைமை ஆசிரியை அதை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “பேரெல்லாம் போடோணுமா அம்மணி?” என்று மட்டும் கேட்டார். பெற்றோருக்குத் தெரிந்தால்தானே விடுமுறையில் படிக்கவைப்பார்கள் என்றேன். படித்த பெண் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மடல் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. ஏழெட்டுக் கட்டைவிரல்கள் வந்தன. ஒரு வேலை முடிந்தது என்று என் பட்டியலில் அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை போனபோது தலைமை ஆசிரியை வாசலிலேயே நின்றார். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, இனிமேல் தறிக்குத் தார் சுற்றட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி. அதைச் சுற்றிப் போடும் வேலைக்குச் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டால், பிறகு அவர்கள் பள்ளிக்கூடம் திரும்புவது சந்தேகம்தான்.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருந்தது. சிவப்புக் கட்டத்தில் முதல் பெயர் அவளுடையது. தறி வேலைக்காக அந்தியூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். பொங்கலுக்குப் பிறகுதான் பள்ளியில் சேர்ந்தாள். என் வகுப்பில் புத்தகத்தை மடியில் வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள், ஒரு சொல்கூடக் காதில் விழாது. படிப்பதுபோல் பாவனை செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஆண்டுக் கடைசிச் சோதனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். நான் போனில் நேரத்தை ஓடவிட்டு, என் தாளில் கண்ணை வைத்துக்கொண்டு, காதால் கேட்டு, தவறிய சொற்களை அடிப்பேன். அவள் முறை வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. நிமிடம் முடிந்தது. பூஜ்யம் போட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

“நீங்கதான் போகோணும் அம்மணி. நான் போனா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்” என்றார் தலைமை ஆசிரியை. அந்த அம்மாவின் போனுக்கு, வாசிப்பு மிஸ் ஐந்து மணிக்கு உங்களைப் பார்க்க வருகிறார் என்று என் எதிரிலேயே ஒரு செய்தி தட்டி அனுப்பினார். உண்மையைச் சொன்னால் எனக்குப் போக மனமில்லை. கால் கடுத்தது. இந்த மாதிரி வீடுகளுக்குப் போய் என்ன பேசினாலும் ஒன்றும் மாறாது என்ற அலுப்பு. ஆனாலும் வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதால், போய்விட்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று நாலரைக்கே கிளம்பினேன்.

அந்த அம்மா வேலை பார்க்கும் தறிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நிற்கும்போதே நெஞ்சு அதிர்ந்தது. அந்த அம்மா இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றிருந்தார். மூலையில் தார் சுற்றும் மெஷின் பக்கத்தில் அந்தப் பெண். என்னை யாரும் பார்க்கவில்லை. அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து, அறுந்த இழையை முடிந்துகொண்டே மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி, திரையைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்தாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா ஏதோ உதட்டசைவில் கேட்க, அவள் ஐந்து விரலைக் காட்டினாள்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். இரண்டு தறி தள்ளி நின்ற ஆள் எதிர்ப்பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். ஒரு குரலும் இல்லை. அங்கே யாரும் குரலைச் செலவழிக்கவில்லை. எல்லோரும் வாயைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா என்னைக் கண்டு வெளியே வந்தார், பின்னாலேயே மகளும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை, கோபமாகவும் பேசவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்.

“ஏனுங்க டீச்சர், அஞ்சு மணிக்கு வருவீங்கன்னு நெசமாவே போட்டிருந்துச்சுங்களா? இவ அப்படித்தான் படிச்சுச் சொன்னா. இப்பல்லாம் இவ சொல்றத நம்பறதில்லீங்க.”

ஆமாம், ஐந்து என்றுதான் போட்டிருந்தோம் என்றேன். சொன்ன பிறகுதான், அப்படியானால் அவள் அந்தச் செய்தியைப் படித்திருக்கிறாள் என்பது எனக்கே உறைத்தது.

அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ரேஷன் கடைச் செய்தி, கேஸ் சிலிண்டர் செய்தி, பஸ் பலகை எல்லாவற்றையும் இரண்டு வருடமாக மகள்தான் படித்துச் சொல்லிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பிய மடலையும் அவள்தான் படித்தாள். குழாய், ஆண்டு விழா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் சிவப்புக் கட்டத்தில் நின்றுவிட்டாள். பிறகு, அதில் தன் பெயர் இருக்கிறது, வாசிக்க வராது என்று போட்டிருக்கிறது என்று சொன்னாள். அம்மா நம்பாமல் பக்கத்துத் தறிக்காரரிடம் காட்டினார். அவரும் அதையே படித்தார்.

“அவ படிக்கறான்னுதானுங்க நானும் நெனச்சுட்டு இருந்தேன்” என்றார். “படிச்சவங்க நீங்க, சோதிச்சுப் பாக்காமயா செவப்புல போடுவீங்க? அப்ப இத்தன நாளும் பேர மட்டும் தெரிஞ்சு வெச்சுட்டு, மிச்சத்த இட்டுக்கட்டி எனக்குச் சொல்லியிருக்கான்னு ஆயிப்போச்சு. பொய் சொல்றவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி என்னங்க பண்றது?”

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரலில் நூல் அறுத்த கோடு.

என் பையில் சோதனைக்கு வைத்திருந்த கதைப் புத்தகம் இருந்தது. நாங்கள் வகுப்பில் தொடாத பக்கம் ஒன்றைத் திறந்து அவளிடம் கொடுத்து, படி கண்ணு என்றேன். நேரம் பார்க்கப் போனை எடுக்கவில்லை. அவள் அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை அசைக்கத் தொடங்கினாள். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. நான் அம்மாவிடம், அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஆமைக்கு அன்னிக்கு அவசரம். சந்தை முடியறதுக்குள்ள போகோணும். வழியில...” என்று நிறுத்தி, மகளின் வாயை உற்றுப் பார்த்து, “வழியில என்னமோ ஒண்ணு தூங்கிட்டு இருந்துச்சு” என்றார்.

அது நத்தை. மற்றபடி ஒரு வரி தவறவில்லை. எழுத்தே தெரியாத ஒருவர் அந்தப் பக்கம் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் புத்தகத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கம் முடிந்தபோது அவர் மகளின் தலையில் கையை வைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் ஏன் வாயைத் திறந்து படிக்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். அவள் நிமிர்ந்து, தறிக்கூடத்துக்கு உள்ளேயும் கேட்கும் குரலில் சொன்னாள்.

“நீங்கதான மிஸ் சத்தம் வரக்கூடாதுன்னு சொன்னீங்க.”

சொல்லியிருந்தேன். அவள் சேர்ந்த முதல் வாரம் இந்தக் குரலில்தான் படித்திருக்கிறாள். கூடமே திரும்பிப் பார்த்ததும், நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அதட்டியதும் நினைவுக்கு வந்தன. அவளுக்குத் தெரிந்தது இரண்டு விதமான படிப்பு. ஒன்று வெளியே பேசுவதுபோல் உரக்கப் படிப்பது, இன்னொன்று தறிக்கூடத்துக்குள் பேசுவதுபோல் உதட்டால் படிப்பது. முதலாவது வேண்டாம் என்றேன். இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்க்க நான் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை.

தப்பு என்னுடையது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் அங்கே நின்று சொல்வதற்கு ரொம்பச் சின்னதாக இருந்தது. புதிய அட்டவணை எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் சமாதானமாகவில்லை.

“எழுதாதீங்க டீச்சர், பேசிப் போடுங்க. எழுதுனா எங்கள மாதிரி ஊட்டுல எல்லாம் புள்ளைங்கதான் படிச்சுக் காட்டோணும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் போனில் அந்த அட்டவணையைத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கட்டத்தில் இன்னும் ஐந்து பெயர்கள் இருந்தன. அந்த வீடுகளில் மடலை யார் படித்திருப்பார்கள், யாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அங்கேயே நின்று குழுவில் குரல் பதிவு போட்டேன். தறிச் சத்தம் உள்ளே விழுந்ததால் மூன்று தடவை பேச வேண்டியிருந்தது. பெயர்களைப் போட்டது தவறு, இந்தப் பெண் நன்றாக வாசிக்கிறாள், சோதித்த நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னேன். இரண்டாவது தடவை பேசும்போது எனக்கே குரல் வரவில்லை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, “நீங்களும் சத்தமில்லாமப் பேசறீங்க மிஸ்” என்றாள். அவள் அம்மா சிரித்துவிட்டார். நானும்.

மறுநாள் ஆண்டு விழாவுக்கு இருவரும் வந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் யாரோ மைக் இல்லாமல் பேசியபோது, முன்வரிசைக்கே ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா மட்டும் அங்கிருந்தே பார்த்து மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அவரே கொண்டுவந்து விட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பழைய மடல் யார் யார் போனிலோ இருக்கத்தான் செய்தது. பையன்கள் சிலர் கொஞ்ச நாள் அவளைச் ‘செவப்பு’ என்று கூப்பிட்டார்கள். விடுமுறை நாட்களில் இன்னும் தார் சுற்றுகிறாள்.

வியாழக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். களைப்பு குறையவில்லை, இரைச்சலும் குறையவில்லை. குறிப்பெடுப்பதை மட்டும் பிள்ளை படித்து முடித்த பிறகு வைத்துக்கொள்கிறேன். போன வாரம் அவள், இப்போது ஐந்தாம் வகுப்பு, ஒரு பக்கம் முழுவதையும் தெருவுக்கே கேட்கும்படி படித்தாள். எனக்குத் தலை வலித்தது, ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணையைத் திருத்த எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. தன் கண்ணால் தினமும் பார்த்ததை விட்டுவிட்டு என் தாளை நம்பி, ஒரு தாய் தன் பெண்ணைப் பொய்க்காரி என்று நினைத்த அந்த நான்கு நாட்களை மட்டும் எப்படித் திருத்துவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.