அடைமழையில் காய்ந்த அப்பளம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீடுகள் நிறைய. ஆனால் மழையோடு மல்லுக்கு நின்றது ருக்குவின் வீடு ஒன்றுதான்.

அவள் கணவர் வெங்கடசுப்பிரமணியன் அம்பாசமுத்திரத்தில் கணக்கு வாத்தியார். குடும்பம் அவர் சம்பளத்திலேயே ஓடிவிடும். சும்மா உட்காரத் தெரியாததால் ருக்கு தொடங்கிய வேலை இது. பத்து வருஷத்தில் பின்கட்டு முழுக்க உளுந்து மாவும் பலகைகளுமாக ஆகிவிட்டது. ஐப்பசி பிறந்தால் மட்டும் எல்லாம் நின்றுபோகும். வெயில் இல்லாமல் அப்பளம் காயாது. வேலைக்கு வரும் பெண்கள் பீடி சுற்றப் போய்விடுவார்கள். பீடிக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷப் புரட்டாசிக் கடைசியில் பாக்கியவதி வந்து நின்றாள். ஓரமும் நடுவும் ஒரே கனமாக வருகிற மாதிரி தேய்க்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

“மாமி, கோவிச்சுக்கிடாதீக. இந்தத் தடவ பீடிக்குப் போனா அங்கனயே இருந்துருவேன். மழைக்கு ஒரு வேல, வெயிலுக்கு ஒரு வேலன்னு எத்தன வருசம் அலைய?”

“நீ போனா மத்தவா?”

“எம் பின்னாலதான் வருவாளுவ. பொய் சொல்ல மாட்டேன்.”

அது மிரட்டல் இல்லை என்று ருக்குவுக்குத் தெரியும். பாக்கியவதி போனால் தொழில் முடிந்தது என்பதும் தெரியும்.

“தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கோ. மழையிலயும் வேலை தரேன்.”

“மழைய நிறுத்தப் போறீகளாக்கும்?”

“அது பாட்டுக்குப் பெய்யட்டும். நான் உள்ளே காயவைக்கறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, எதை எரிப்பது என்று புரியவில்லை. மழையில் விறகு நனைந்து புகையும். மாவு கிரைண்டரின் தண்டைச் சரிசெய்ய நூர்முகம்மதின் லாரிப் பட்டறைக்குப் போனபோதுதான் அந்த அடுப்பைப் பார்த்தாள். லாரிகளிலிருந்து வடித்த கறுப்புக் கழிவு ஆயில் ஒரு டின்னிலிருந்து, திருகு வைத்த மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. கீழே பழுத்துக் கிடந்த இரும்புத் தட்டில் விழுந்ததும் குப்பென்று எரிந்தது. பக்கத்தில் ஒரு சின்ன விசிறி காற்று ஊதிக்கொண்டிருந்தது.

“பாய், எனக்கு இது மாதிரி ஒண்ணு வேணும்.”

“அப்பளத்துக்கா? லாரி வாசம் அடிக்கும் மாமி. ஒருத்தரும் தொடமாட்டாங்க.”

“புகை உள்ளே வரப்படாது, சூடு மட்டும் வரணும். அதுக்கு வழி பண்ணுங்கோ.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். இரண்டு நாளில் அதே மாதிரி ஓர் அடுப்பைச் செய்து, ருக்குவின் கொல்லைச் சுவருக்கு வெளியே, தகரக் கொட்டகையில் வைத்தார். அதன் புகையைத் தடித்த இரும்புக் குழாய்க்குள் விட்டு, பின்கட்டு அறையின் தரையோரமாக ஓட்டி, எதிர்ச் சுவர் வழியாக வெளியேற்றிக் கூரைக்கு மேல் தூக்கிவிட்டார். குழாய் சுடும்; அந்தச் சூட்டில் அறை காயும். ருக்கு ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் துணியைச் சுற்றிவைத்து ஒரு பகல் முழுக்க எரியவிட்டாள். துணியில் கறுப்பு ஒட்டவில்லை என்று கண்ட பிறகுதான் பலகைகளை உள்ளே எடுக்கச் சொன்னாள்.

“ஊரெல்லாம் காத்து வரலைன்னு அழறது. நீ வெந்து போறதுக்கு வழி பண்ணிண்டிருக்கே” என்றார் வெங்கடசுப்பிரமணியன்.

“உங்களை உள்ளே வந்து உக்காரச் சொல்லலையே.”

மழை பிடித்துக்கொண்டது. தட்டுத் தட்டாக அடுக்கிய பலகைகளில் அப்பளங்களைப் பரப்பி, ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார்கள். இத்தனை பாடுபட்டு உண்டாக்கிய சூடு வெளியே போய்விடக் கூடாதே. அறையைச் சூடாக்கும் அவசியம் அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. ஜன்னலைத் திறப்பது குளிர்ச்சிக்கு என்றுதான் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை பாக்கியவதி ஓர் அப்பளத்தை எடுத்தாள். அது ஈரத் துணி மாதிரி அவள் விரலில் தொங்கியது. சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பப் பலகையில் போட்டாள். பின்னால் நின்ற பெண்கள் பீடிக் கம்பெனிக்காரர் தெருவுக்கு வருகிற நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ருக்கு வியர்க்க வியர்க்க அறைக்குள்ளேயே நின்றாள். கழுத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். மச்சு முழுக்க முத்து முத்தாக நீர். இட்லிக் கொப்பரை மூடியின் உட்புறம் மாதிரி. அந்த மூடியைத் தினமும் சாய்த்து எடுப்பவள் அவள். நேராக எடுத்தால் நீர் இட்லியில் வடியும். அப்பளத்தை விட்டுக் கிளம்பிய ஈரத்துக்குப் போக இடமில்லை. அதுதான் அப்பளத்துக்கே திரும்பியிருந்தது.

நூர்முகம்மதை வரச்சொன்னாள். “மச்சுக்குக் கீழே சுவத்திலே ரெண்டு ஓட்டை போடுங்கோ. குழாய்க்குப் பக்கத்திலே தரையோட ஒண்ணு, புதுக் காத்து வர.”

“சூடெல்லாம் போயிருமே மாமி.”

“போகட்டும். போறபோது ஈரத்தையும் கூட்டிண்டு போகும். ஆயில் சொட்டைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ.”

அடுத்த தடவை அப்பளம் காய்ந்தது. ஆனால் குழாயை ஒட்டிய கீழ்த்தட்டில் இருந்தவை கிண்ணம் மாதிரி மடங்கி ஓரம் வெடித்திருந்தன. வெங்கடசுப்பிரமணியன் ஒன்றைக் கையில் ஏந்தி, “இதுல பாயசம் குடிக்கலாம்” என்றார். ருக்கு சிரிக்கவில்லை. கீழ்த்தட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொட்டைக் குறைத்து, மறுபடியும் மாவு பிசைந்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் பாக்கியவதி ஓர் அப்பளத்தை ஓரம் பிடித்து மெல்ல வளைத்தாள். வளைந்தது, வெடிக்கவில்லை. மோந்து பார்த்தாள். உளுந்தும் பெருங்காயமும்தான். ருக்கு அதை வாங்கி எண்ணெயில் போட்டாள். அது பொரிந்து வாணலி நிறைய விரிந்தது. பாக்கியவதி ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டு மென்றாள்.

“ராத்திரில சொட்டு நின்னுட்டுன்னா யாரு பாக்குறது, மாமி?”

“நான்தான்.”

“நீங்க ஒத்தையில எத்தன நாளு முழிப்பீக? அந்த ஆயில் குழாய்த் திருகை எப்பிடித் திருப்பணும்? எனக்கும் காட்டுங்க.”

இருவரும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் கொட்டகைக்குப் போனார்கள்.

கார்த்திகை முழுக்க மழை விடவில்லை. பலகை ஒன்றுகூடக் காலியாகக் கிடக்கவில்லை. புகையால் தாழ்வாரக் கொடியில் போட்ட துணி கருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ருக்கு, புகைக்குழாயை இன்னும் ஓர் ஆள் உயரம் தூக்கச் சொல்லி நூர்முகம்மதுக்கு ஆள் அனுப்பினாள்.