செத்தவீட்டில் எரிந்த வண்ண லைட்

கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு வீடியோ எடுத்து, வெளிநாட்டிலை இருக்கிற சொந்தங்களுக்கு நேரடியாக் காட்டுறதுதான் என்ரை தொழில். இரண்டு கமெராவை ஒண்டாச் சேர்த்து இணையத்திலை விடுறதுக்கு என்ரை பழைய லப்டொப் தாங்கேல்லை. அதாலை சாமான் சாமானா வாங்கி, கண்ணாடிக் கேசிங்கும் நிறம் மாறுற ஃபானுமா ஒரு கொம்பியூட்டரை நானே பூட்டினன்.

அந்த ஃபானுக்கு இரண்டு வயர். ஒண்டு சுத்துறதுக்கு, மற்றது எரியிறதுக்கு. சுத்துற வயரிலை ஒரு கரைச்சலும் இல்லை. எரியிற வயர்தான் என்ரை சீவனை வாங்கினது. ஃபானின்ரை லைட் ஐஞ்சு வோல்ட், என்ரை மதர்போட்டிலை லைட்டுக்கு இருந்த இடமோ பன்னிரண்டு வோல்ட். நான் பெரிய கெட்டிக்காரன் எல்லோ, பாக்காமல் அமத்திச் செருகி முதல் ஃபானின்ரை லைட்டைக் கருக்கிப்போட்டன். பிறகுதான் புத்தி வந்து, கொன்ட்ரோளர் எண்ட சின்னச் சாமான் ஒண்டு வாங்கி, எல்லா லைட் வயரையும் அதிலை குத்தி, அதுக்குப் பவர் சப்ளையிலை இருந்து நேரா மின்சாரம் குடுத்தன்.

கேசிங்கிலை ரீசெற் பட்டின் எண்டு ஒண்டு இருக்கு. அதின்ரை வயரைக் கொண்டுபோய்க் கொன்ட்ரோளரிலை குத்தினால் அமத்த அமத்த நிறம் மாறும், நீட்டி அமத்தினால் லைட் நிக்கும். நான் குத்தேல்லை. வயரெல்லாத்தையும் வடிவா ஒளிச்சுக் கட்டினாப் பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்ப அவிழ்க்கப் பஞ்சி, அலுப்பு. ஆர் இந்த லைட்டை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கப் போறான் எண்டு விட்டிட்டன்.

கலியாணவீடுகளிலை ஒருத்தரும் கேக்கேல்லைத்தான். சின்னனுகள் சுத்தி நிண்டு பாக்குங்கள். ஒரு மாப்பிள்ளைத் தோழன் அதுக்குப் பக்கத்திலை நிண்டு செல்ஃபியும் எடுத்தவன். எனக்கெண்டால் சந்தோசப் புளுகம் தாங்கேலாது.

பிறகு உடுவிலிலை ஒரு செத்தவீடு வந்தது. போனவர் இளைப்பாறின தபால்காரர். ஒரேயொரு மகள், கனடாவிலை. அந்தப் பிள்ளையின்ரை விசா அலுவல் முடியேல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. முதல்நாள் என்னோடை போனிலை கதைச்சா. "அண்ணை, ஒரு கமெராவை அப்பாவின்ரை முகத்திலையே வைச்சிருங்கோ. ஆக்கள் வாறது போறது ஒண்டும் எனக்கு வேண்டாம்" எண்டா. "ஓம் தங்கச்சி, நீங்கள் யோசியாதேங்கோ" எண்டு சொன்னன்.

சின்ன வீடு. விறாந்தையிலை பெட்டி. கமெராவின்ரை வயர் நீளம் காணாமல் கொம்பியூட்டரைப் பெட்டியின்ரை கால்மாட்டிலைதான் வைக்கவேண்டி வந்தது. சுவிச்சைப் போட்டன். லைட் பத்தி எரிஞ்சுது பாருங்கோ! வெள்ளை கட்டின விறாந்தை முழுக்கச் சிவப்பு, பிறகு பச்சை, பிறகு ஊதா. பறைமேளம் வேறை அடிக்குது, அதுக்கு ஆடுற மாதிரி இது மாறி மாறி எரியுது. போனவருக்கு அவரின்ரை மூக்குக்கண்ணாடியைப் போட்டு விட்டிருந்தினம், கண்ணாடி இல்லாட்டில் ஆள் மாதிரியே இல்லையாம். அந்தக் கண்ணாடியிலையும் இந்த நாசமாப்போன நிறம் ஓடுது.

"உதென்னடா தம்பி, செத்தவீடோ சாமத்தியவீடோ?" எண்டு கதிரையிலை இருந்த ஒருத்தர் கேட்டார். இரண்டு மூண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சினம். ஒப்பாரி வைச்சுக்கொண்டிருந்த மனிசி ஒராள் நடுவிலை நிப்பாட்டி என்னைத் திரும்பிப் பாத்தா. ஐயோ, அந்தப் பார்வை! பட்டினைத் தேடிக் கை போகுது, அதை அமத்தினால் லைட் நிக்காது, மெசின்தான் நிண்டு திரும்பத் தொடங்கும். திறந்து லைட் வயரைப் புடுங்குவம் எண்டால் எல்லாம் ஒளிச்சுக் கட்டிக் கிடக்கு, கொன்ட்ரோளருக்குப் போற மின்சார வயரைப் புடுங்குவம் எண்டால் வீடியோ பதியிற டிஸ்க்குக்கும் அதே வயரிலைதான் மின்சாரம் போகுது. ஒண்டும் செய்யேலாமல் முழுசிக்கொண்டு நிண்டன்.

பக்கத்து வீட்டு மாமா ஒருத்தர் என்ரை நிலைமையைக் கண்டார். நல்ல மனிசன். உள்ளை போய் மடிச்ச வேட்டி ஒண்டைக் கொண்டுவந்து மெசினுக்கு மேலாலை போத்திவிட்டார். காத்து முன்னாலை உள்ளிட்டுப் பின்னாலையும் மேலாலையும் போகவேணும் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? எனக்குத் தெரியும். அந்த வெக்கையிலை, அந்த விறாந்தையின்ரை தகரக் கூரைக்குக் கீழை, மூடினால் என்ன நடக்கும் எண்டு நல்லாத் தெரியும். நான் மறிக்கேல்லை. "நல்லது மாமா" எண்டு சொன்னன். பத்தாததுக்கு, நுனியாலை வெளிச்சம் கசியுது எண்டு நானே வேட்டியை இழுத்து நல்லா அடைச்சும் விட்டன். ஆக்கள் என்னைப் பாக்கிறதை விட்டிட்டினம். எனக்கு அப்பதான் மூச்சு வந்தது.

ஐயர் கிரியை செய்து, சுண்ணம் இடிச்சு முடிய நல்லாச் சுணங்கிப்போச்சு. வேட்டிக்குள்ளை ஃபான் எல்லாம் இரையத் தொடங்கின. படம் விக்கி விக்கி ஓடினது. இன்னும் கொஞ்ச நேரம்தானே, தாக்குப்பிடிக்கும் எண்டு என்னை நானே ஏமாத்திக்கொண்டு நிண்டன்.

வாய்க்கரிசி போடுற நேரம் போனவரின்ரை தங்கச்சி, அந்தப் பிள்ளைக்கு மாமி, ஒரு பிடி அரிசியோடை கமெராவைப் பாத்துத் திரும்பினா. "பிள்ளை, இது உன்ரை பங்குக்கு. உனக்காக நான் போடுறன், பாத்துக்கொண்டிரு" எண்டு அழுது குளறினா. அப்ப மெசின் நிண்டு எவ்வளவு நேரமோ தெரியேல்லை. இரைச்சல் இல்லை எண்டதை நான் அதுக்குப் பிறகுதான் கவனிச்சன். வேட்டியை இழுத்தெறிஞ்சு, கை சுட்டதையும் பாக்காமல் பவர் பட்டினை அமத்தினன். அது சூடு ஆறித் திரும்பப் படம் வரேக்கை பெட்டியை மூடி ஆணியும் இறுக்கிப்போட்டினம். பதிவும் அந்த மெசினிலைதான், அதுவும் இல்லை.

மாமி என்னட்டை வந்து, "பிள்ளை பாத்தவளோ தம்பி?" எண்டு கேட்டா. நான் வயரைச் சுத்திக்கொண்டு குனிஞ்சபடி நிண்டன். "பிள்ளைக்கு நான் எடுத்துச் சொல்லுறன் மாமி" எண்டன்.

அண்டைக்குப் போன் எடுக்கத் துணிவு வரேல்லை. எட்டாம் நாள் சடங்கு முடிஞ்சாப் பிறகு அந்தப் பிள்ளைதான் எடுத்தா. ஏசுவா எண்டு இருந்தன். ஏசேல்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். ஒருத்தரும் கிட்ட வராத நேரம் அப்பா அப்பிடியே கிடக்கிறார், படம் ஓடுதோ நிண்டிட்டுதோ எண்டு எனக்குத் தெரியாது. அவரின்ரை கண்ணாடியிலை நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதைப் பாத்துத்தான், ஓம், நேரடிதான், இந்த நிமிசம் நானும் அப்பாவோடைதான் இருக்கிறன் எண்டு இருந்தனான். பிறகு அது திடீரெண்டு இல்லாமல் போச்சு. லைன் போயிட்டுது எண்டு நினைச்சுப் போனை நிப்பாட்டி நிப்பாட்டித் திறந்துகொண்டே இருந்தன். வேட்டியாலை மூடினதெண்டு மாமி சொல்லித்தான் தெரியும். அதை ஏன் அண்ணை மூடினனீங்கள்?"

கரண்ட் போயிட்டுது எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லேல்லை.

"வெக்கத்திலை, தங்கச்சி. ஆக்கள் சிரிச்சினம்."

"எனக்கு வெக்கமா இருக்கேல்லையே அண்ணை" எண்டா.