வதனிக்கு யார் 'உள்ளேன்' சொல்வது?

முதலில் 'புஸ்' என்று ஏர் பிரேக் சத்தம். அப்புறம்தான் லாரி தெரியும். பெட்ரோல் பங்க்கில் ராத்திரி டூட்டி பார்ப்பவனுக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். மில் கேட்டிலும் ஏ.டி.எம். வாசலிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சகாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளம் போக நமக்குக் கிடைக்கிற மிச்சம் யோசனை ஒன்றுதான்.

கோவில்பட்டி பைபாஸில் பன்னிரண்டு வருஷமாக டீசல் ஊற்றுகிறேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் இலங்கைத் தமிழர் முகாம். அதில் பத்துக்குப் பத்து அறை ஒன்று என் வீடு. பத்து வயதில் படகில் வந்து இறங்கியவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் பங்க் விளக்கடியில், பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய புத்தகங்களில்.

ஜீரோ

எங்கள் தொழிலில் ஒரு மந்திரம் உண்டு. "ஜீரோ பாத்துக்கோங்க." மீட்டர் பூஜ்யத்தில் நிற்பதை வாடிக்கையாளர் கண்ணால் பார்த்த பிறகே குழாயை அழுத்த வேண்டும். சிலர் பார்ப்பார்கள். பலர் போனைப் பார்ப்பார்கள்.

உளுந்து மூட்டையோடு மினி லாரியில் வந்த ஒரு பெரியவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். டயரில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தவர், மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிரைவரிடம் சொன்னார்: "ஏலே, ஜீரோவப் பாரு பாருங்குதவன் கையத்தான் பாக்கணும். நம்ம கண்ண அங்கன அனுப்பிட்டு இங்கன என்னமோ பண்ணுதான்."

ஒம்பது அய்யா

ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால், வவுனியாவில் என் மனைவி வதனியின் தாய் சாகக் கிடந்தார். எங்களிடம் பாஸ்போர்ட் கிடையாது. நான் டூட்டியில் இருந்தபோது ஏஜென்ட் ஒருவனை நம்பிக் கடற்கரைக்குப் போனாள். படகில் கால் வைக்கும் முன்பே பிடித்துவிட்டார்கள். கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு ஜெயில் வாசலுக்குப் போனேன். கதவு திறந்தது, வதனி வந்தாள், வெளியே நின்ற ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 'சிறப்பு முகாம்' என்றார்கள். பெயரில்தான் முகாம், வாசலில் பூட்டு. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அதை யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அன்றிலிருந்து பங்க்கில் வண்டி இல்லாத நேரமெல்லாம் மனு எழுதினேன். தீப்பெட்டி லோடு ஏற்றிப் போகும் டிரைவர் ஒருவர் வாராவாரம் வருவார். ஒரு நாள் என் மேஜையிலிருந்த மனுவை எடுத்து, உதடு அசைய முழுசாகப் படித்தார். "நல்லாத்தாம்வே எழுதிருக்கீரு. ஆனா ஒம்பது எடத்துல அய்யா அய்யான்னு வருது. அதுல ஒரு அய்யாவத் தூக்கிட்டு ஒம்ம பொஞ்சாதி பேரப் போடும். யாரு உள்ள இருக்கான்னே இதுல இல்ல" என்றார்.

செக்கிங்

எங்கள் முகாமில் மாதாமாதம் வருவாய்த் துறை ஆர்.ஐ. வந்து ஆள் சரிபார்ப்பார். நாங்கள் 'செக்கிங்' என்போம். குடும்ப அட்டையோடு எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் சொன்னால் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்பது முகாமில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பெயர் போனால் அறையில் இருக்கிற உரிமையும் போகும். வதனி வழக்கு, ஜெயில் என்று இருந்த காலத்தில் எப்படியோ தள்ளிக்கொண்டு வந்தோம். புது ரிஜிஸ்டர் போட்டதும் ஒன்று, இரண்டு என்று ஆப்சென்ட் விழ ஆரம்பித்தது.

மூன்றாவது செக்கிங்குக்கு டூட்டி முடிந்து நேராக வந்து நின்றேன். என் பெயர், "உள்ளேன் ஐயா." அடுத்து 'வதனி' என்று ஆர்.ஐ. படித்தார். "உள்ளேன் ஐயா" என்று கணீரென்று ஒரு குரல். ஆர்.ஐ. பேனாவை வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். என் பக்கத்தில் ஒன்பது வயது ஆரணி, இரண்டு கையையும் ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ ஆரணிதான பாப்பா?"

"ஓம். ஆரணிக்குப் பிறகு சொல்லுவன். இது அம்மாக்கு."

ஆர்.ஐ. கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கட்டத்தில் எதுவும் போடாமல் பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "இந்த ஒரு தடவ விட்டுட்டேன். அடுத்த மாசம் நான் என்னத்தப் போட? ஆளு எதிர்ல நின்னாத்தானம்மா டிக்கு?" என்று, பதில் தெரியாத ஆள் கேட்கிற மாதிரி, அவளிடமே கேட்டார்.

அண்ணாச்சியின் யோசனை

தபாலில் போட்ட மனுக்களுக்கு ரசீது மட்டும் வந்துகொண்டிருந்தது. நேரில் போய்ப் பேசுவது என்று முடிவு பண்ணி, பங்க் கேஷியர் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் லீவு கேட்டேன். லீவு கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். அவர் பயந்தது எனக்காகத்தான், அதனால் அவர் சொன்னதைக் கேட்டுக் கோபம் வரவில்லை. "இத்தன வருசம் இருக்கிற எடம் தெரியாம இருந்தீரு, ஒண்ணும் ஆகல. இப்ப நாலு பேரு முன்னால வாயத் தொறந்து, ஒம்மையும் தூக்கி உள்ள போட்டா அந்தப் புள்ளைக்கு யாருவே?"

மனு நாள்

அந்தக் கேள்வியோடுதான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். ஆரணி பள்ளி யூனிஃபார்மில் வந்திருந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவை வாங்கி, சீல் குத்தி, "பாக்கச் சொல்றேன், போங்க" என்றார். முன்பெல்லாம் இந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு நகரவில்லை. பஸ்ஸிலும் பங்க்கிலும் இந்த ஊர்க்காரன் மாதிரியே பேசிப் பழகியவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் பொத்தி வைத்திருந்த பேச்சு அப்படியே வந்துவிட்டது. "ஐயா, மனுசியைப் பிடிச்சு வைச்சிருக்கிறதும் நீங்கள். அவ வரேல்லை எண்டு பேரை வெட்டப்போறதும் நீங்கள். பிழை செய்தா எண்டால் கோர்ட்டு விசாரிக்கட்டும். கோர்ட்டு விட்ட பிறகும் தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வைக்கிறதுக்கு நான் என்ன காரணம் சொல்ல? இவளுக்கு நீங்களே சொல்லுங்கோ."

சத்தம் போட்டிருக்கிறேன் போல. ஒரு போலீஸ்காரர் என் தோளில் கை வைத்தார். எனக்குப் பின்னால் இடைசெவல் பக்கத்து அம்மா ஒருத்தி, மக்காச்சோளத்தைப் பன்றி அழித்ததற்கு மனுவோடு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். எங்கே அவளும் 'சீக்கிரம் நகரும்' என்று சொல்லிவிடுவாளோ என்று திரும்பினேன். அவள் போலீஸ்காரர் கையைப் பார்த்து, "கைய எடுங்கய்யா. எம் மனு இங்கனதான் கெடக்கும், பன்னி திரும்பியா குடுக்கப் போவுது? மொதல்ல இவிய கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க" என்றாள்.

மூன்று தகவல்

அந்த மனு ஏதோ ஒரு மேஜையில் நின்று யாரோ படித்திருக்கிறார்கள். அடுத்த செக்கிங்கில் ஆர்.ஐ. 'வதனி' என்று படித்தார். ஆரணி என் விரலை நெரித்தாள். அவர் ஒரு தாளைப் பார்த்து, குறிப்புக் கட்டத்தில் 'அரசின் காவலில் உள்ளார், பெயரை நீக்க வேண்டாம்' என்று மெதுவாக எழுதினார். விடுதலை பற்றிய கோரிக்கை 'பரிசீலனையில்' இருப்பதாகத் தகவல் வந்தது. ஆரணி தாயைப் பார்க்க ஒரு அனுமதியும் வந்தது.

இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆரணி தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் செக்கிங் கதை, மனு நாள் கதை, குறிப்புக் கட்டத்தின் கதை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பெயரை வெட்டாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வதனி எல்லாவற்றையும் கேட்டாள். ஆரணியின் தலையைக் கோதிக்கொண்டே, "இஞ்சை காலமையும் பின்னேரமும் வந்து என்னை எண்ணுகினம். நான் ஒரு நாளும் ஆப்சென்ட் இல்லையப்பா" என்றாள்.

ஆக, சகாக்களே, இப்போது அரசாங்கத்தின் இரண்டு ரிஜிஸ்டரிலும் வதனி இருக்கிறாள். எங்கள் வீட்டில்தான் இல்லை.

அடுத்த மனுவில் அய்யாவை ஒன்றாகக் குறைத்து, அவள் பெயரை முதல் வரியில் எழுதினேன். எழுதும்போதே 'புஸ்' என்றது. பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய்க் குழாயைக் கையில் எடுத்தேன். "ஜீரோ பாத்துக்கோங்க, அண்ணாச்சி."