சுண்ணாம்புப் புள்ளிகள்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன். எழுதத் துணிந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோவையில் பல்லடம் சாலைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் கோடு போடுவது என் வேலை. கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூள் கொட்டி, ஓட்டப் பாதை, கோ-கோ ஆடுகளம் எல்லாம் போடுவேன். மிஞ்சிய தூளை வீட்டுக்குக் கொண்டுபோனால், மனைவி கோலமாவில் கலந்துகொள்வாள். "உங்க சுண்ணாம்பு விரலத் திங்குதுங்க" என்பாள். ஆனாலும் விடமாட்டாள்.

போன ஆடியில் அவள் இறந்துபோனாள். வாசலில் கோலம் நின்றது.

ஐப்பசி மழையில்தான் முதலில் பார்த்தேன். சிமெண்ட் வாசல் நனைந்து கறுத்ததும் அவள் வைத்த புள்ளிகள் வெள்ளையாக எழுந்து வந்தன. காய்ந்ததும் போய்விட்டன. தினமும் அதே இடத்தில் வைத்த புள்ளிகள். கோடு நாளுக்கொன்று என்பதால் அது ஒன்றும் தங்கவில்லை. மழை நாளில் புள்ளிகளை மிதிக்காமல் சுவரை ஒட்டி உள்ளே போவேன். முதுகுப் பக்கம் யாரோ குனிந்திருப்பது போலிருக்கும்.

தை பிறந்ததும் வாசலுக்கு டைல்ஸ் போடப்போவதாக மார்கழியில் வீட்டுக்காரர் சொன்னார். அதற்குள் அந்தப் புள்ளிகள் மேல் ஒரு கோலமாவது போட்டுவிட வேண்டும் என்றிருந்தது. எனக்குக் கோலம் தெரியாது.

கல்லூரிப் பொங்கல் விழாவுக்காகக் கோ-கோ பிள்ளைகள் மைதானத்து ஓரத்தில் கோலம் பழகிக்கொண்டிருந்தார்கள். கூச்சத்தை விட்டுக் கேட்டேன். மண்ணில் புள்ளி வைத்துக் கொடுத்தார்கள். நான் கோடு போடுகிற பழக்கத்தில் புள்ளிக்குப் புள்ளி நேராக இழுத்தேன்.

"அண்ணா, இதென்ன கோர்ட்டுங்களா? புள்ளியத் தொடக்கூடாதுங்ணா!"

"தொட்டா அவுட்டு" என்றாள் இன்னொருத்தி.

அணித் தலைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். "புள்ளிங்கறது கோர்ட்ல உக்காந்திருக்கற நாங்கதானுங்ணா. ஓடறவ எப்புடி எங்களுக்கு நடுவுல பூந்து பூந்து போறா? அப்புடிப் போகோணும்."

அது புரிந்தது. கை மெல்ல வளையப் பழகியது. போனில் எடுத்திருந்த நனைந்த வாசல் படத்தை அவளிடம் காட்டி, இதில் என்ன கோலம் இருந்திருக்கும் என்று கேட்டேன்.

"இந்தப் புள்ளிக்கு எத்தனையோ போடலாமுங்களே. அக்கா எதைப் போட்டாங்களோ." படத்தைப் பெரிதாக்கினாள். "ஓரத்துல வட்டமா இருக்கறது மாவுக் கிண்ணம் வெச்ச தடமுங்ணா. இடது பக்கமா இருக்குது. அக்காவுக்கு நொட்டாங்கைங்களா?"

எனக்குத் தெரியவில்லை. சோறு வலது கையால்தான் தின்பாள். கோலம் போடுகிற நேரத்தில் நான் மைதானத்தில் இருப்பேன்.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் தண்ணீர் தெளித்தேன். புள்ளிகள் எழுந்தன.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங், வருசம் திரும்பறதுக்குள்ள கோலம் போடலாமுங்களா?"

"நாளைக்கு இந்த வாசலே இருக்காதுங்க."

அவர் உள்ளே போய்விட்டார்.

வலது கையால் போட்ட கோடு பாதியில் சிக்கி நின்றது. அழித்துவிட்டு, மாவுக் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்து, இடது கைக்கு மாற்றினேன். கோடு கோணிக்கொண்டே போனாலும் எங்கும் நிற்கவில்லை. சுற்றிச் சுற்றிப் போய், தொடங்கின இடத்திலேயே வந்து சேர்ந்தது. விரல் நுனி எரிந்தது. கிண்ணத்தை எடுக்கத் திரும்பினேன். அது அந்த வட்டத் தடத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. நான் பார்த்து வைக்கவில்லை.

மறுநாள் காலை கொத்தனார் வந்தார். வாசலைக் கொத்தி டைல்ஸ் ஒட்டினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.