தும்பிக்கை குடித்த டீசல்

2005 நவம்பர் 9, புதன்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்கு மருந்தகத்து ஷெட்டில் நான் ஓட்டும் ஜீப்பின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன், ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், நான்கு டயர்களையும் கட்டையால் தட்டிப் பார்த்தேன். மீட்டரில் இருந்த கிலோமீட்டரை லாக் புத்தகத்திலும் என் சொந்த நாட்குறிப்பிலும் எழுதினேன். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட வழக்கம். ஏழு மணிக்கு நர்ஸ் மருந்துப் பெட்டியோடு ஏறினார். புதன்கிழமைகளில் எங்களுக்குச் சித்தையன்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள்.

வண்டியை எடுக்கும்போது மேலாளர் ஷெட்டு வாசலில் நின்றிருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். வையும்போதுகூட மரியாதை குறையாது. அவரிடம் எனக்குப் பயமே அதனால்தான்.

"ஏனுங்க, நாளைக்கு நானும் உங்ககூட வாரனுங்க. டேங்க்கை வழிய வழிய நிரப்பிட்டுக் கிளம்பலாம். திரும்பி வந்து மறுபடி நிரப்பினா எத்தனை லிட்டர் குடிச்சுதுன்னு தெரிஞ்சுடுமுங்க."

"சரிங்க சார்."

"குடிச்சது வண்டிதானுங்களா, வேற யாராச்சுமான்னும் தெரிஞ்சுடுமுங்க."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். நான் கியரைப் போட்டேன்.

விஷயம் இதுதான். முந்தின வருஷ மழையில் ஒரு தரைப்பாலத்தில் ஜீப்பின் இஞ்சின் தண்ணீரை உறிஞ்சி நின்றுவிட்டது. சீட்டு வரை தண்ணீர். நர்ஸை நான் கையைப் பிடித்துக் கரை ஏற்றினேன். அதன் பிறகு, நான் கேட்டுக் கேட்டு, 2005 செப்டம்பரில் ஸ்நார்க்கல் பொருத்தினார்கள். இஞ்சினுக்குப் போகும் காற்றை வண்டியின் கூரை உயரத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் குழாய். பேகம்பூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த பாய்தான் இரும்புக் குழாயை வளைத்துச் செய்தார். அவருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை, 'தும்பிக்கை' என்றார். மருந்தகம் முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்த வண்டி நவம்பரில் ஒன்பதுகூடக் கொடுக்கவில்லை. ஒன்று, தும்பிக்கை டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறது. இல்லையென்றால் நான் விற்கிறேன். மேலாளருக்கு மூன்றாவது வழி தெரியவில்லை. எனக்கு முன்னால் ஓட்டியவரை இதே சந்தேகத்தில்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அது உண்மையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் டீக்கடையில் அவரை 'லிட்டரு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மகளைப் பள்ளியில் 'லிட்டரு மக' என்றார்கள். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

வழியெல்லாம் வண்டி கறுப்புப் புகை விட்டது. மேட்டில் இழுக்கவில்லை.

"அண்ணே, வண்டிக்கும் வீசிங் வந்துருச்சா? ஒரு ஊசி போட்டு விடவா?" என்றார் நர்ஸ். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்ணே. ஆனா நான் சொன்னா எடுபடாது. ஒரே வண்டியில போற ஆளுங்கன்னு என்னையவும் சேத்துருவாங்க."

அவர் பள்ளிக்கூட வராந்தாவில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் வேப்பமரத்தடியில் நாட்குறிப்பைப் புரட்டினேன். குழாய் பொருத்தியது செப்டம்பர் 14. அடுத்த நான்கு வாரமும் பதினொன்றுக்குக் குறையவில்லை. குறைவு தொடங்கியது அக்டோபர் இரண்டாவது வாரத்துக்கு மேல். குழாய் காரணமென்றால் முதல் நாளிலிருந்தே அல்லவா குறைந்திருக்க வேண்டும்? பானெட்டைத் திறந்து, குழாய்க் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் மூடியின் நட்டைத் திருகி எடுத்தேன்.

உள்ளே அறுகம்புல்.

ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகளில் அது அழுகி, செவ்வந்தி இதழோடும் சந்தனத்தோடும் சேர்ந்து களிபோல் அப்பியிருந்தது. அந்த நாற்றம் இன்றும் நினைவிருக்கிறது. மூச்சுக்கு வழியில்லாமல்தான் வண்டி டீசலை அரைகுறையாக எரித்துப் புகையாகத் தள்ளியிருக்கிறது.

வைத்தது நான்தான். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தபோது, எல்லோரும் தும்பிக்கை தும்பிக்கை என்றதில், பிள்ளையாருக்குச் சார்த்துவதுபோல் அதன் வாயில் சந்தனம் தொட்ட ஒரு கைப்பிடி அறுகம்புல்லையும் பூவையும் செருகினேன். குழாயின் வாய்க்குப் பாய் வலை வைத்திருக்கவில்லை. மறுநாள் காலை வெளியே தெரிந்ததை மட்டும் எடுத்துப்போட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறேன். அக்டோபர் 12 பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: 'பூஜைப் பொருட்கள் முழுவதும் அகற்றப்பட்டன.' முழுவதும் என்ற சொல்லை இரண்டாம் முறை படித்தேன்.

புல்லை எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை. அப்படியே மூடினேன்.

நர்ஸிடம் சொல்லவில்லை. மாலை ஐந்தரைக்கு அவரை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

"ஏன்யா, பைப்புக்கு மூக்குல புல்லைத் திணிச்சிட்டு, மைலேஜ் குடுக்கலைன்னா எப்பிடி?"

"பாய், குழாயினால டீசல் கூடுமா கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"அது காத்தை இழுக்குறதுய்யா, டீசலை இல்ல. அடைப்பு இல்லாட்டி ஒண்ணும் கூடாது, குறையவும் செய்யாது." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இப்பவே தட்டிச் சுத்தம் பண்ணிருவேன். ஆனா யோசிச்சுக்க. நாளைக்கு அந்த ஆளு பக்கத்துல உக்காந்து வாராரு. வண்டி பதினொண்ணு குடுத்துருச்சுன்னா, இம்புட்டு நாளும் டீசல் எங்க போச்சும்பாரு."

அதைத்தான் நானும் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தம் செய்தால் நாளை வண்டி நன்றாக ஓடும், நான் திருடன். செய்யாவிட்டால் வண்டி ஒன்பதே கொடுக்கும், நான் தப்பித்துவிடுவேன். பழி குழாய்மேல் விழும், அதைக் கழற்றச் சொல்வார்கள். மழை வலுத்தால் நானும் நர்ஸும் பழையபடி தரைப்பாலத்துத் தண்ணீரில்.

"பேசாம விட்டுரு," என்றார் பாய். "பைப்பு போனா போகுது. பேரு போனா வராது."

"அப்படியே மூடிருங்க பாய்," என்றேன். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் சொன்னேன் என்று அவர் நினைத்திருப்பார். அந்த நேரத்தில் உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மேலாளர் கேட்கப்போகும் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். புல் எப்போது போனது? யார் வைத்தது? நேற்றே பார்த்தீர்களா? பார்த்துவிட்டு ஏன் மூடினீர்கள்? கடைசிக் கேள்வியைத் தவிர மற்றதற்கெல்லாம் பதில் எழுதினேன். அந்த இடத்தைக் காலியாகவே விட்டேன். படுத்த பிறகும் தண்ணீர் சீட்டுக்கு ஏறிய சத்தம்தான் காதில் இருந்தது.

நவம்பர் 10. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ரேடியேட்டர், ஆயில், டயர் எதையும் தொடவில்லை. நேராக மேலாளர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே ஷெட்டுக்கு அழைத்து வந்து, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஏர் ஃபில்டர் மூடியைக் காட்டினேன்.

"இதை நீங்களே திறங்க சார். வச்சது நான். நேத்து மத்தியானமே பாத்துட்டேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நட்டைத் திருக ஆரம்பித்தார்.