என் சரித்திரக் கதையில் ஓர் இசக்கி

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த கடைசி வருடங்களில், பூதப்பாண்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சராக இருந்தேன். மதராஸ் பத்திரிகைகளில் எங்கே பார்த்தாலும் ராஜாவும் குதிரையுமாக இருந்த காலம் அது. நமக்கென்ன குறைச்சல் என்று நானும் ஒரு சரித்திரக் கதை எழுத உட்கார்ந்தேன். குதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால் என் ராஜாவைப் பல்லக்கிலேயே வைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரு பெரிய குளம். ஒவ்வொரு மழைக்கும் கரை உடைகிறது. நிறைசூலி ஒருத்தியைப் பலி கொடுத்தால் கரை நிற்கும் என்று யாரோ சொல்ல, ராஜாவின் ஆட்கள் அப்படியே செய்துவிடுகிறார்கள். செத்தவள் இசக்கி என்ற பேயாகி, வயிற்றுப் பிள்ளையோடு கரையிலேயே நின்று, மழைக்கு மழை குளத்தை உடைக்கிறாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மத்தியானத்தில் சுளவில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் எழுதியதை வாசிப்பேன். ராஜா வந்தால் கொட்டாவி விடுவாள். இசக்கி வந்தால் மட்டும் கை நின்றுவிடும். “மழையில எங்கட்டி நிக்கா? அவளுக்கு ஒரு மரம் கிரம் வச்சுக் குடுக்கப்பிடாதா?” என்பாள். கதை என்றால் அம்மாவுக்கு அவ்வளவு உயிர் என்று எனக்கு ஒரே பெருமை.

அக்கா அதற்கு முந்திய வருடம்தான் செத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பெறாமலே, பிள்ளையோடு போனாள். அப்படிப் போகிறவளுக்கு வழியோரத்தில் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்துவார்கள். போகிற வருகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்க இறக்க, செத்தவளின் வயிற்றுச் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. தோவாளைக்குப் போகும் வழியில் அக்காவுக்கு வைத்தோம். பூக்காரர்கள் பூக்கடவப் பெட்டியை இறக்கி வைத்து வெற்றிலை போடுவார்கள். அப்படிச் செத்தவள் இசக்கியாக நடமாடுவாள் என்றும் ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

கதையைச் சரித்திர டீச்சரிடம் காட்டினேன். கிறிஸ்தவப் பெண், என் சிநேகிதி, பொய் சொல்லத் தெரியாதவள். “கல்வெட்டுல இசக்கி உண்டா? மழை பெய்ஞ்சா குளம் உடையும். அதுக்குப் பேய் எதுக்கு?” என்றாள். கோபம் வந்தாலும் அவள் சொல்வது நியாயம் என்று பட்டது. இசக்கியை எடுத்துவிட்டு, வெறும் மழையை வைத்துக் குளத்தை உடைத்தேன்.

அன்றைக்கு வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: “அவ எங்கட்டி?”

“அவதான் செத்தாச்சுல்லாம்மா. அதோட முடிஞ்சு.”

“முடிஞ்சுன்னு ஆரு சொன்னா? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அவ எங்க போவா?” அம்மா சுளவைக் கீழே வைத்தாள். “கல்லு வச்சு ஒரு வருசமாச்சு. இறங்குச்சா இல்லியான்னு ஆரு வந்து சொல்லுகா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அம்மா என்னிடம் கதை கேட்கவில்லை. மகளின் சேதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு அந்தப் பிள்ளையப் பெத்துக் குடு, மக்கா” என்றாள்.

பிரசவம் எப்படி நடக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? அக்காவின் அறைக்குள் என்னை விடவில்லை. அம்மாதான் சொன்னாள், நான் எழுதினேன். அடுப்பில் சுடுவெள்ளம் வைத்தது, பேறு பார்க்கும் வயத்தாட்டி வந்து வயிற்றைத் தடவியது, உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடிக்கக் கொடுத்தது, எல்லாம் அக்காவுக்கு நடந்தவைதான். குளக்கரையில் ஏது உத்தரம் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தது என்று சொல்லி அம்மா நிறுத்தினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “தலை திரும்பிச்சுன்னு எழுது” என்றாள். எழுதினேன். “பொட்டப்பிள்ளை. அழுதுன்னு எழுது.” அதையும் எழுதினேன்.

“இப்ப வாசி.”

வாசித்தேன். பிள்ளை அழுத இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பிறகு சுளவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இனி அவ ஒருத்தருக்கும் கெடுதல் செய்ய மாட்டா. நீ கதைய முடிச்சிரு.”

குளம் உடையாமல் ராஜாவுக்கு என்ன கதை? அது அங்கேயே நின்றுபோனது. எனக்கும் மேலே எழுத மனம் வரவில்லை. அம்மா அதன்பிறகு இசக்கியைக் கேட்கவில்லை, அக்காவைப் பற்றியும் பேசவில்லை. ஊருக்கு அக்கா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த அறைக்கு வெளியே நின்ற எனக்கு அவள் அன்று மத்தியானம்தான் செத்தாள்.