ஆர்ச்சுக்குள் அடங்காத யானைகள்

சூளகிரியில் ஜோதிமணி வீடு கட்டவில்லை, சர்ச் கட்டுகிறாள் என்ற செய்தி சம்பங்கி மேஸ்திரியின் காதுக்கு டீக்கடையில் வந்து சேர்வதற்குள் மூன்று மொழிகளிலும் சுற்றி முடித்திருந்தது. கன்னடத்தில் அவள் மதம் மாறியிருந்தாள். தெலுங்கில் மணி வாங்கியாயிற்று. தமிழில் திருவிழாவுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள்.

அந்த வீட்டின் முகப்பைப் பூசியவரே சம்பங்கிதான். இருந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு சரிபார்க்கக் கிளம்பினார்.

வீட்டில் தெலுங்கு, மணல் லாரிக்காரரிடம் கன்னடம், வீட்டுக்காரர்களிடம் தமிழ் என்று பிழைப்பவர் அவர். கம்பெனி ஆட்கள் போனில் காட்டும் ரோமாபுரித் தூண், துபாய்க் குவிமாடம், கேரளத்து ஓட்டுச் சரிவு எதுவானாலும் முப்பதுக்கு நாற்பது சைட்டில் இறக்கித் தருவார். "ஒலகம் பூரா நம்ம சைட்டுல அடங்கும், அகலந்தான் கொஞ்சம் பத்தாது" என்பார்.

தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். வாசலின் இரண்டு தூண்களுக்கு மேல் ஈட்டிமுனைபோல் கூரான வளைவு. பக்கத்துத் தெரு ஆரோக்கியசெல்வி வீட்டுக்காக அடித்த பலகை அச்சை, வீணாவானேன் என்று இங்கேயும் முட்டுக் கொடுத்துப் பூசியிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸுக்கு ஓடிய ஒரு பெண் நின்று சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி ஓடினாள்.

ஜோதிமணி வெளியே வந்து பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். தளியிலிருக்கும் மாமியார் நஞ்சம்மா, அந்த வளைவுக்குக் கீழே நுழையமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அவர் நுழையாவிட்டால் சொந்தத்தில் ஒருவரும் நுழையமாட்டார்கள். வளைவை இடித்தால் சுவர் விரிசல் விடும். மேஸ்திரி தலையைச் சொறிந்து, வளைவுக்குள் கஜலட்சுமியை உட்காரவைத்துவிடலாம் என்றார்.

லட்சுமி கச்சிதமாக உட்கார்ந்தாள். இருபக்கமும் தும்பிக்கை தூக்கி நிற்கவேண்டிய யானைகளுக்குத்தான் இடமில்லை. ரோமாபுரியையே அடக்கியவர் அங்கே தோற்றார்.

வெள்ளிக்கிழமை நஞ்சம்மா தெருவிலேயே நின்றுகொண்டார். சொந்தமெல்லாம் சீர்த்தட்டோடு அவர் பின்னால் நின்றது.

"ஏம்ப்பா மேஸ்திரி, ஆனை எங்க?"

"வருதும்மா."

"எங்கூர்ல கூப்பிடாமயே ராகிக் காட்டுல வந்து நிக்குது. ஒனக்கு ரெண்டு கெடைக்கலியா?"

"தூணுக்கு ஒண்ணா நிறுத்திடறேம்மா. யுகாதிக்குள்ள."

நஞ்சம்மா லட்சுமியை ஒருமுறையும் மேஸ்திரியை இரண்டுமுறையும் பார்த்தார். "லட்சுமி மொகத்துக்காக வரேன். ஆனை ரெண்டும் ஓங்கணக்கு" என்று வலதுகாலை எடுத்துவைத்தார். ஜோதிமணி பால் பொங்குவதற்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யுகாதி வந்து போயிற்று. இடதுபக்கத் தூணில் யானை ஒன்று ஏறி நிற்கிறது. வலதுபக்கத் தூண் இன்னும் காலி.